எத்தனை? எவ்வளவு? – அளவுச் சொற்களைத் தேர்ந்தறிதல்

பாடத்தின் நோக்கம்

தமிழிலும் ஆங்கிலத்திலும் அளவைக் குறிக்கும் சொற்களையும், மிகுதியை உணர்த்தும் சொற்களையும் ஒப்பிட்டு அறிதல். இடத்திற்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்து எழுதுதல்.

1. லம்பா லைனில் ஒரு மழை அறிவிப்பு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரில், விமான நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள பகுதி லம்பா லைன். ‘லம்பா’ என்பது நீளமானது எனப் பொருள்படும் இந்திச் சொல். ‘லைன்’ என்பது ஆங்கிலச் சொல். ஊர்ப் பெயரின் முற்பாதியே ஓர் அளவுச் சொல்லாக அமைந்துள்ளது. போர்ட் பிளேர் என வழங்கிவந்த இத்தலைநகர், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இத்தீவுகளில் வங்காளத்திற்கும் இந்திக்கும் அடுத்த நிலையில் தமிழ் உள்ளது. ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆகவே இங்கு வாழும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும், கடைத்தெருவில் இந்தியும், வகுப்பறையில் ஆங்கிலமும் பேசுவது இயல்பு. மூன்று மொழிகளும் ஒரே நாவில் பழகும்போது, ஒரு மொழியின் அளவுச் சொல் மற்றொரு மொழியின் வாக்கியத்திற்குள் புகுந்துவிடுகிறது. அதனால் விளையும் பிழை இலக்கணப் பிழையோடு நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் அது செய்தியையே மாற்றிவிடும்.

மழைக்காலத்து நாள் ஒன்றை எண்ணிப் பார்க்க. ‘தீவுகளில் பல இடங்களில் மழை பெய்யும், ஓரிரு இடங்களில் மிகக் கனமழை பெய்யும்’ என ஓர் அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. மீன்பிடிப் படகு வைத்திருக்கும் தந்தை, அதனைப் படித்துச் சொல்லுமாறு மகளைக் கேட்கிறார். அவள் ‘பல இடங்களில் மிகக் கனமழை’ எனச் சொல்லிவிட்டால் அச்சம் தேவையின்றிப் பெருகும். ‘சில இடங்களில் மழை’ எனச் சொல்லிவிட்டால் ஆபத்து மறைந்துவிடும். இரண்டு வாக்கியங்களிலும் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் சரியாகவே உள்ளன. தவறியவை அளவுச் சொற்கள் மட்டுமே.

இந்திய வானிலை ஆய்வுத் துறை இச்சொற்களைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுத்துள்ளது. ஒரு பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களுள் எத்தனை விழுக்காட்டில் மழை பதிவாகும் என்பதே அவ்வெல்லை.

• ஓரிரு இடங்களில் – 25 விழுக்காடு வரை
• ஒரு சில இடங்களில் (எ ஃபியூ) – 26 முதல் 50 விழுக்காடு வரை
• பல இடங்களில் (மெனி) – 51 முதல் 75 விழுக்காடு வரை
• பெரும்பாலான இடங்களில் (மோஸ்ட்) – 76 முதல் 100 விழுக்காடு வரை

மழையின் வலிமையைக் காட்டும் மிகுதிச் சொற்களுக்கும் இவ்வாறே எல்லை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை பெய்தால் மிகக் கனமழை. ஆங்கிலத்தில் ‘வெரி ஹெவி’. அதற்கும் மேற்பட்டால் அதிகனமழை. ஆங்கிலத்தில் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’. ‘மிக’ என்னும் ஈரெழுத்துச் சொல்லைச் சேர்ப்பதா விடுப்பதா என்பது, ஏறத்தாழ இருமடங்கு நீரைப் பற்றிய முடிவாகும்.

அன்றாடப் பேச்சில் இத்தகைய எண்கள் இல்லை. ஆயினும் ‘பல’, ‘சில’, ‘மிக’, ‘சற்று’ போன்ற சொற்களுக்கு அங்கும் எல்லைகள் உண்டு. அவற்றைக் காண மூன்று வினாக்கள் போதும். அவை வருமாறு:

1. பொருள் எண்ணப்படுவதா, அளக்கப்படுவதா?
2. சொல்பவர் ‘இருக்கிறது’ என்கிறாரா, ‘போதாது’ என்கிறாரா?
3. மிகுதி எல்லைக்குள் நிற்கிறதா, எல்லையைக் கடந்துவிட்டதா?

2. எண்ணுவதும் அளப்பதும்

தமிழ் மரபு அளவைகளை நான்காகப் பகுக்கிறது. எண்ணுவது எண்ணல், தராசில் நிறுப்பது எடுத்தல், படியால் அளப்பது முகத்தல், கோலால் அளப்பது நீட்டல். இந்நான்கனுள் முதலாவது ஒரு வகை. ஏனைய மூன்றும் மற்றொரு வகை. தேங்காய், படகு, தீவு ஆகியவற்றை ஒன்று, இரண்டு என எண்ணலாம். நீர், அரிசி, மணல், எண்ணெய் ஆகியவற்றை முகக்கவோ நிறுக்கவோ வேண்டும்.

ஆங்கிலத்தில் எண்ணப்படும் பொருளுக்கு ‘மெனி’, அளக்கப்படும் பொருளுக்கு ‘மச்’ என்று பயிலும் மாணவர், இது தமிழில் இல்லாத புதிய விதி என நினைப்பதுண்டு. அது சரியன்று. ‘பல படகுகள்’ எனத் தமிழர் சொல்வர்; ‘பல நீர்’ எனச் சொல்லார். ‘சில தேங்காய்கள்’ உண்டு. ‘சில அரிசி’ இல்லை. ‘மிகுதியான நீர்’, ‘கொஞ்சம் அரிசி’ என்றே வழங்குகிறோம் என்பதைத் தமிழ் பேசும் எந்தக் குழந்தையும் அறியும். விதியின் பெயர் தெரியாவிட்டாலும் விதி நாவில் பழகியுள்ளது.

இவ்விதியைச் சோதிக்க எளிய வழி வினா எழுப்புவதாகும். ‘எத்தனை?’ என்னும் வினா பொருந்தினால் பொருள் எண்ணப்படுவது. ஆங்கிலத்தில் ‘ஹவ் மெனி’ எனக் கேட்க வேண்டும். ‘எவ்வளவு?’ என்னும் வினா பொருந்தினால் பொருள் அளக்கப்படுவது. ‘ஹவ் மச்’ எனக் கேட்க வேண்டும்.

எத்தனை தீவுகள்? – ஹவ் மெனி ஐலண்ட்ஸ்?
எவ்வளவு மழை? – ஹவ் மச் ரெயின்?

பணத்தைப் பற்றிய ஐயம் பலருக்கு எழும். பணத்தை எண்ணுகிறோமே, அதற்கு ஏன் ‘மச்’ வருகிறது? தமிழிலும் அதே நிலைதான். ‘எத்தனை ரூபாய்?’ எனக் கேட்கலாம், ‘எத்தனை பணம்?’ எனக் கேட்பதில்லை, ‘எவ்வளவு பணம்?’ என்றே கேட்கிறோம். எண்ணப்படுவது ரூபாய், பணம் ஒரு மொத்தம்.

இச்சோதனை தவறும் இடங்களும் உண்டு. அவற்றைத் தனியே நினைவில் கொள்ள வேண்டும். தமிழில் ‘பல செய்திகள்’, ‘பல அறிவுரைகள்’, ‘பல தகவல்கள்’ எனப் பன்மையில் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘நியூஸ்’, ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’ ஆகிய மூன்றும் எண்ணப்படாத பெயர்கள். விமான நிலையத்தில் பயணி ஒருவரிடம் ‘எத்தனை பெட்டிகள்?’ என வினவினால் ‘ஹவ் மெனி பேக்ஸ்’, ‘எவ்வளவு சாமான்?’ என வினவினால் ‘ஹவ் மச் லக்கேஜ்’. பெட்டி எண்ணப்படுவது, சாமான் மொத்தமாகக் கருதப்படுவது. ஒரே சுமையை இரண்டு விதமாக நோக்குவதால் சொல்லும் இரண்டாகிறது.

தீவுகளில் வளரும் மாணவர்க்கு இந்தியாலும் ஒரு தடுமாற்றம் நேர்கிறது. இந்தியில் ‘பஹுத்’ என்னும் ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. ‘பஹுத் லோக்’ என்றால் பலர். ‘பஹுத் பானி’ என்றால் மிகுதியான நீர். ‘பஹுத் அச்சா’ என்றால் மிக நன்று. ஆங்கிலத்தில் இம்மூன்றும் முறையே ‘மெனி’, ‘மச்’, ‘வெரி’ எனப் பிரியும். ‘பஹுத்’ என நினைத்துக்கொண்டு எழுதுவோர் ‘வெரி பீப்பிள்’ என்றும் ‘மெனி வாட்டர்’ என்றும் எழுதிவிடுவர். அத்தகைய நேரத்தில் தமிழின் ‘எத்தனை, எவ்வளவு’ என்னும் வினாக்களே துணையாகும்.

தமிழில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணப்படுவோர் மக்களாயின் ‘பலர்’, ‘சிலர்’ என்றும், பிறவாயின் ‘பல’, ‘சில’ என்றும் பெயருக்குப் பின் வரும்போது திணை வேறுபாடு காட்டப்படும். ‘மாணவர் பலர் வந்தனர்’. ‘படகுகள் பல வந்தன’. ஆங்கிலத்தின் ‘மெனி’ இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஒவ்வொரு மொழியும் தனக்கு முதன்மையானதையே சொல்லில் பொதிந்து வைக்கிறது.

3. சிற்றெழுத்து ஒன்றின் பெரும்பணி

அந்தமான் நிக்கோபார்த் தொகுதியில் தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 836 உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்பவை 31 மட்டுமே. இச்செய்தியை ஆங்கிலத்தில் எழுத முனையும் மாணவர், ‘மக்கள் சில தீவுகளில் வாழ்கின்றனர்’ என்பதற்கு ‘எ ஃபியூ’ என எழுதுவதா, ‘ஃபியூ’ என எழுதுவதா எனத் தயங்குவார்.

‘எ ஃபியூ’ என்பது இருப்பதைப் பார்க்கும் சொல். சில தீவுகளிலேனும் மக்கள் உள்ளனர் என்பது அதன் உட்பொருள். ‘ஃபியூ’ என்பது இல்லாததைப் பார்க்கும் சொல். மக்கள் வாழும் தீவுகள் மிகச் சிலவே என்பது அதன் உட்பொருள். எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. நோக்கு மாறுகிறது. ‘எ’ என்னும் ஓர் ஒலி அம்மாற்றத்தைச் செய்கிறது.

அளக்கப்படும் பொருளுக்கு ‘எ லிட்டில்’, ‘லிட்டில்’ ஆகியவை இதே வகையில் வரும். தலைநகருக்குக் குடிநீர் தரும் முதன்மையான நீர்நிலை தனிக்காரி அணை. இப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைந்துவிடும். அக்காலத்தில் குடிநீரைச் சிக்கனமாகப் பகிர்ந்துகொள்ள நேரிடும். அப்பருவத்தில் ஒரு வீட்டுத் தொட்டியைப் பார்த்து வந்தவர் ‘எ லிட்டில் வாட்டர்’ உள்ளது என்றால், ‘இன்றைய சமையலுக்கு ஆகும்’ என வீட்டார் கொள்வர். ‘லிட்டில் வாட்டர்’ உள்ளது என்றால், ‘இது போதாது, வேறு வழி தேட வேண்டும்’ எனக் கொள்வர். தொட்டியில் இருப்பது ஒரே குடம் நீராக இருக்கலாம். கேட்பவர் எடுக்கும் முடிவு வேறாகிறது.

தமிழில் இவ்வேறுபாடு எவ்வாறு காட்டப்படுகிறது? ஆங்கிலம் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தும் விடுத்தும் காட்டுவதைத் தமிழ் பின்னால் ஓர் இடைச்சொல்லைச் சேர்த்துக் காட்டுகிறது.

சில தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். – எ ஃபியூ
மக்கள் வாழும் தீவுகள் சிலவே. – ஃபியூ
தொட்டியில் சிறிதளவு நீர் உள்ளது. – எ லிட்டில்
தொட்டியில் சிறிதளவே நீர் உள்ளது. – லிட்டில்

‘சிலவே’, ‘சிறிதளவே’ என்பனவற்றில் உள்ள ஏகாரம், ‘இதற்கு மேல் இல்லை’ எனப் பிரித்து எல்லை காட்டுகிறது. இதனை இலக்கண நூலார் பிரிநிலை ஏகாரம் என்பர். பேச்சுத் தமிழில் ‘கொஞ்சந்தான் இருக்கிறது’ எனத் ‘தான்’ சேர்த்துச் சொல்வதும் இப்பணிக்கே. தமிழ் வாக்கியத்தில் ஏகாரமோ ‘தான்’ என்பதோ தேவைப்படுகிறதா எனப் பார்த்தால், ஆங்கிலத்தில் ‘எ’ வருமா வராதா என்பது விளங்கிவிடும். ஏகாரம் வரும் இடத்தில் ‘எ’ வராது. ஏகாரம் வராத இடத்தில் ‘எ’ வரும்.

முற்றிலும் இல்லை என்பதைக் காட்டத் தமிழ் உம்மையை நாடுகிறது: ‘சிறிதும் நீர் இல்லை’; ‘ஒரு படகும் வரவில்லை’. ஆங்கிலத்தில் இவ்விடங்களில் ‘நாட் எனி’ அல்லது ‘நோ’ வரும். ‘சிறிது’, ‘சிறிதே’, ‘சிறிதும்’ ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் மூன்று நிலைகள். ஆனால் முதலாவது இருப்பையும், இரண்டாவது குறையையும், மூன்றாவது இன்மையையும் காட்டுகின்றன.

4. நிரம்புதலும் வழிதலும்

பேச்சுத் தமிழில் மிகுதியாக வழங்கும் ‘ரொம்ப’ என்னும் சொல், ‘நிரம்ப’ என்பதன் திரிபு. குடம் நீரால் நிரம்புவது போல ஒரு பண்பு நிரம்பியிருப்பதை அது காட்டுகிறது. ஆனால் குடம் நிரம்புவது வேறு. நிரம்பி வழிவது வேறு. ஆங்கிலத்தின் ‘வெரி’ நிரம்புதலைக் காட்டும். ‘டூ’ வழிதலைக் காட்டும்.

‘தேநீர் ரொம்பச் சூடாக இருக்கிறது’ என ஒருவர் சொன்னால், அது பாராட்டா, குறையா? தமிழில் அவருடைய குரலையும் முகத்தையும் பார்த்தே அறிய வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லே அதனை அறிவிக்கும். ‘வெரி ஹாட்’ என்றால் நல்ல சூடு. ‘டூ ஹாட்’ என்றால் குடிக்க இயலாத சூடு. இவ்வேறுபாட்டை அறியாமல், ஒருவரைப் பாராட்ட நினைத்து ‘டூ இன்டெலிஜென்ட்’ என எழுதினால், ‘அளவுக்கு மீறிய அறிவுடையவர்’ எனக் குறை கூறியதாகிவிடக்கூடும்.

கடலைப் பற்றிய அறிவிப்புகளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். அலையின் உயரம் 2.5 முதல் 4 மீட்டர் வரை இருந்தால் கடல் ‘ரஃப்’ எனப்படும். 4 முதல் 6 மீட்டர் வரை இருந்தால் ‘வெரி ரஃப்’ எனப்படும். இவை கடலின் நிலையை மட்டுமே கூறுகின்றன. ‘டூ ரஃப்’ என்னும் நிலை அளவுப் பட்டியலில் இல்லை, இருக்கவும் இயலாது. ஏனெனில் ‘டூ’ என்பது யாருக்கு, எதற்கு என்னும் வினாக்களை எழுப்பும் சொல். சிறு படகுக்கு அளவு மீறிய கொந்தளிப்பு, பெரிய கப்பலுக்கு அவ்வாறு இராது. ஆகவேதான் ‘டூ’ வரும் வாக்கியத்தில் பெரும்பாலும் ‘இன்னது செய்ய இயலாது’ என்னும் பொருளும் உடன் வருகிறது. ‘மீன்பிடிக்க இயலாத அளவுக்குக் கடல் கொந்தளிக்கிறது’ எனத் தமிழில் விரித்துச் சொல்வதை, ‘தி சீ இஸ் டூ ரஃப் டு ஃபிஷ்’ என ஆங்கிலம் சுருக்கிச் சொல்கிறது.

ஒரு வாக்கியத்தில் ‘மிக’ என்பதை நீக்கிவிட்டு ‘அளவுக்கு மீறி’ என்பதைப் பெய்து பார்க்க. பொருள் கெடாமல் நின்றால் ‘டூ’; கெட்டால் ‘வெரி’. ‘இத்தீவு மிக அழகியது’ என்பதை ‘இத்தீவு அளவுக்கு மீறி அழகியது’ என மாற்றினால் பொருந்தவில்லை. ஆகவே அங்கு ‘வெரி’ வரும். ‘இச்சட்டை மிகப் பெரியது, அணிய இயலாது’ என்பதை ‘அளவுக்கு மீறிப் பெரியது’ என மாற்றலாம். ஆகவே அங்கு ‘டூ’ வரும்.

நிரம்பாத நிலைக்கும் வழியும் நிலைக்கும் இடையே ‘போதும்’ என்னும் நிலை உண்டு. அதற்குரிய ஆங்கிலச் சொல் ‘எனஃப்’. இச்சொல்லின் இடம் கவனிக்கத்தக்கது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: ‘எனஃப் வாட்டர்’, அதாவது போதிய நீர். பண்பைக் குறிக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும்: ‘லாங் எனஃப்’, அதாவது போதிய நீளமுடையது. தமிழில் ‘போதிய’ என்பது இரண்டிடத்தும் முன்னால் நிற்பதால், ‘எனஃப் லாங்’ எனத் தமிழ் மாணவர் எழுதுவதுண்டு. அது பிழை.

‘மிகவும்’ என்னும் தமிழ்ச்சொல் மற்றோர் இடத்திலும் தடுமாறச் செய்யும். ‘மிகவும் நல்லது’, ‘மிகவும் விரும்புகிறேன்’ எனத் தமிழில் பண்புக்கும் வினைக்கும் அதுவே வருகிறது. ஆங்கிலத்தில் பண்புக்கு ‘வெரி’ போதும். வினைக்கு ‘வெரி மச்’ வேண்டும். ஒன்றைவிட மற்றொன்று மிக நன்று என ஒப்பிடும்போது ‘வெரி பெட்டர்’ என்பது பிழை. ‘மச் பெட்டர்’ என்பதே சரி.

5. பழந்தமிழ் வகுத்த மிகுதி

மிகுதியை உணர்த்தும் சொற்களைத் தனியே தொகுத்து ஆராய்வது தமிழ் இலக்கணத்தின் பழைய வழக்கம். தொல்காப்பியம் உரிச்சொற்களைப் பேசும் இடத்தில் தவ, நனி, உறு ஆகிய மூன்றையும் மிகுதிப் பொருளுக்கு உரியனவாகக் கூறுகிறது. பிற்காலத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், கூர், கழி, சால ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது.

இவற்றுள் சில இன்றும் வழக்கில் உள்ளன. ‘சாலச் சிறந்தது’ என்பதில் ‘சால’ நிறைவைக் காட்டுகிறது. சாலுதல் என்பதற்கு நிறைதல் என்பது பொருள். ‘கழிபெருந்துயர்’ என்பதில் ‘கழி’ மிகுதியைக் காட்டுகிறது. கழிதல் என்னும் வினைக்குக் கடத்தல் என்னும் பொருளும் உண்டு. நிறைவுப் பொருளுடைய வேரும் கடத்தற் பொருளுடைய வேரும் மிகுதிச் சொற்களாக வளர்ந்தமை நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘வெரி’, ‘டூ’ எனப் பிரிந்து நிற்கும் இரு நோக்குகளும் தமிழர் சிந்தனைக்குப் புதியவை அல்ல.

6. மிகுதிச் சொல்லின் மதிப்பு

மிகுதிச் சொல்லை எங்கும் பெய்தால் அதன் ஆற்றல் குறையும். தூறலையும் ‘மிகப் பெரிய மழை’ என்பவர், உண்மையான பெருமழையை எச்சொல்லால் குறிப்பார்? நாள்தோறும் ‘மிக’ எனக் கேட்டுப் பழகிய செவி, காக்க வேண்டிய நாளில் அதனைப் பொருட்படுத்தாது.

புயலுக்குப் பெயரிடும் முறை இதற்கு நல்ல சான்று. காற்றின் வேகம் ‘நாட்’ என்னும் அலகால் அளக்கப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். வேகம் 34 நாட்டை எட்டினால் புயல். 48 நாட்டை எட்டினால் தீவிரப் புயல். 64 நாட்டை எட்டினால் மிகத் தீவிரப் புயல். 90 நாட்டை எட்டினால் அதி தீவிரப் புயல். 120 நாட்டை எட்டினால் சூப்பர் புயல். ‘தீவிர’, ‘மிக’, ‘அதி’ ஆகிய ஒவ்வொன்றும் அளந்த பிறகே சேர்க்கப்படுகிறது.

2013ஆம் ஆண்டு நவம்பரில் வங்கக் கடலில் உருவான புயலுக்கு, அலை எனப் பொருள்படும் ‘லெஹர்’ என்னும் இந்திச் சொல் பெயராயிற்று. அது போர்ட் பிளேருக்கு அருகே அந்தமான் தீவுகளைக் கடந்து, பின்னர்க் கடலில் மிகத் தீவிரப் புயலாக வலுப்பெற்று, ஆந்திரக் கரையை நோக்கிச் சென்றது. ஆனால் கரையை அடையுமுன் விரைந்து வலுவிழந்தது. நவம்பர் 28 அன்று மசூலிப்பட்டினத்திற்கு அருகே அது கரையைக் கடந்தபோது, புயல் என்னும் பெயரையும் இழந்து தாழ்வு மண்டலமாகிவிட்டது.

அறிவிப்பாளர்கள் காற்று வலுத்தபோது ‘மிக’ என்பதைச் சேர்த்தனர். காற்று தணிந்தபோது அதனை எடுத்துவிட்டனர். சேர்ப்பதற்குக் காட்டிய கவனத்தை எடுப்பதற்கும் காட்டினர். அடுத்த புயலின்போது மக்கள் அச்சொல்லை நம்புவதற்கு அக்கவனமே காரணமாகிறது. கட்டுரையிலும் கடிதத்திலும் அளவுச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் பின்பற்ற வேண்டிய நெறியும் இதுவே. எண்ணி அறிந்தவர் ‘பல’ எனட்டும். அளந்து அறிந்தவர் ‘மிகுதி’ எனட்டும். எல்லை கடந்ததை அறிந்தவர் மட்டும் ‘அளவு மீறியது’ எனட்டும்.

சொற்பொருள்

விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு
முகத்தல் – நீர், தானியம் முதலியவற்றைக் கலத்தால் மொண்டு அளத்தல்
பிரிநிலை – ஒன்றைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் நிலை
திரிபு – ஒரு சொல் உருமாறி வழங்குதல்

பயிற்சிகள்

அ. ‘எத்தனை’, ‘எவ்வளவு’ ஆகியவற்றுள் பொருத்தமானதைக் கொண்டு நிரப்புக. ஒவ்வொன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொல் ‘மெனி’யா, ‘மச்’சா எனவும் குறிப்பிடுக.

1. அணையில் ………… நீர் உள்ளது?
2. துறைமுகத்தில் ………… கப்பல்கள் நிற்கின்றன?
3. பயணத்திற்கு ………… பணம் வேண்டும்?
4. வகுப்பில் ………… மாணவர்கள் உள்ளனர்?

ஆ. பின்வருவனவற்றுள் இருப்பைக் காட்டும் தொடர் எது, குறையைக் காட்டும் தொடர் எது எனப் பிரித்து எழுதுக.

1. தொட்டியில் சிறிதளவு நீர் உள்ளது.
2. கூட்டத்திற்கு வந்தவர் சிலரே.
3. கடையில் கொஞ்சந்தான் அரிசி இருக்கிறது.
4. சில படகுகள் கரை திரும்பின.

இ. ‘வெரி’ வருமா, ‘டூ’ வருமா எனக் கூறிக் காரணம் தருக.

1. இப்பெட்டி மிகக் கனமானது. என்னால் தூக்க இயலாது.
2. கடற்கரை மிகத் தூய்மையாக உள்ளது.
3. மிகத் தாமதமாக வந்ததால் கப்பலைத் தவறவிட்டார்.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ‘பல இடங்களில் மழை’ என்பதற்கு வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ள எல்லை யாது?
2. ‘சிறிது’, ‘சிறிதே’, ‘சிறிதும்’ – பொருள் வேறுபாடு தருக.
3. நன்னூல் கூறும் மிகுதிச் சொற்கள் ஆறனையும் எழுதுக.

உ. செயல்பாடு

ஒரு வாரத்து வானிலை அறிவிப்புகளைச் செய்தித்தாளிலிருந்து தொகுக்க. அவற்றில் வரும் அளவுச் சொற்களையும் மிகுதிச் சொற்களையும் அடிக்கோடிடுக. ஒவ்வொரு சொல்லையும் நீக்கிப் படித்து, செய்தி எவ்வாறு மாறுகிறது எனக் குறிப்பேட்டில் எழுதுக.